பால்புதுமை இளையோருக்குப் பணியிடத்தில் துணைநிற்பது எப்படி? முதன்முறை முயல்வோருக்கான வழிகாட்டி

எங்கள் அலுவலகத்தில் இந்தப் பொறுப்பை ஏற்றபோது ஆறு வாரங்களில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டேன். முடிக்கப் பதினொரு மாதங்கள் ஆயின. தாமதத்தைவிட என்னை வருத்துவது, வேலையை நாங்கள் தலைகீழ் வரிசையில் செய்தோம் என்பதே. முதலில் வண்ணச் சுவரொட்டிகளை ஒட்டினோம், நம்பிக்கையூட்டும் காணொளி ஒன்றை எடுத்தோம், "எதுவானாலும் எங்களிடம் பேசுங்கள்" என்று எழுதி வைத்தோம். மூன்றாம் நாள், பயிற்சிப் பணியில் இருந்த ஓர் இளைஞர் உண்மையாகவே பேச வந்தார். உடன் பயிற்சி பெறுவோரின் கேலியைத் தாங்க முடியவில்லை என்றும், சில இரவுகளாக உயிரோடு இருக்கவே தோன்றவில்லை என்றும் சொன்னார். அடுத்து யாரை அழைப்பது என்பது எங்கள் குழுவில் இருந்த ஐவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதற்றத்தில், அவருடைய கோப்பில் இருந்த அவசரத் தொடர்பு எண்ணை ஒருவர் அழைத்துவிட்டார். அது அவருடைய தந்தையின் எண். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை வீட்டில் சொல்ல அவர் ஆயத்தமாவதற்கு முன்பே அந்தச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் இன்று நலமாக இருக்கிறார். ஆனாலும் அந்த ஒரே அழைப்பால் அவர் பட்ட துன்பத்தை வேறு யாரும் படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உதவி கிடைக்கும் வழியை முழுமையாக அமைத்த பிறகே "உதவி இருக்கிறது" என்று அறிவிக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இதன்படியே அமைந்தது. தயவுசெய்து அதை மாற்றாதீர்கள்.

இந்தக் கட்டுரையில் பால்புதுமை இளையோர் என்று நான் குறிப்பது தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையவர்களையும், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட திருநர்களையும், தம்மைப் பற்றி இன்னும் தெளிவுக்கு வராமல் தேடிக்கொண்டிருக்கும் இளையோரையும் ஆகும். இதைப் படிக்கும் நீங்களே இப்போது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடிக்கொண்டிருந்தால், படிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் இருக்கும் இடத்தின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ, அவசர மருத்துவ உதவியையோ, நீங்கள் நம்பும் ஒருவரையோ இப்போதே அழையுங்கள்.

படி 1: யாருக்காக என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

"இளையோர்" என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கூட்டத்தார் இருக்கிறார்கள். நிறுவனத்திலேயே பணிபுரியும் இளம் ஊழியர்களும் பயிற்சியாளர்களும் முதல் வகையினர். ஊழியர்களின் பிள்ளைகள் இரண்டாம் வகையினர். பள்ளி, கல்லூரி, தொண்டமைப்புகள் வழியாக நிறுவனம் சென்றடைய விரும்பும் வெளி இளையோர் மூன்றாம் வகையினர். முதல் ஆண்டில் முதல் வகையினருக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் உதவப் போய் எவருக்கும் உருப்படியாக எதுவும் செய்ய முடியாமல் நாங்கள் இரண்டு மாதங்களை இழந்தோம்.

இளம் ஊழியர் என்று எழுதும்போது, ஊதியப் பட்டியலில் இல்லாதவர்களையும் சேர்த்தே எழுதுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்று 2021-இல் நடைமுறைக்கு வந்த, பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான 190-ஆம் உடன்படிக்கை, நிரந்தர ஊழியர்களோடு நின்றுவிடாமல் பயிற்சியாளர்கள், தொழில் பழகுநர்கள், தன்னார்வலர்கள், வேலை தேடி விண்ணப்பிப்போர் ஆகியோரையும் தன் பாதுகாப்பு வரம்பில் சேர்த்திருக்கிறது. "பயிற்சியாளர்கள் நம் ஊழியர்கள் அல்லவே" என்ற மறுப்பு எழுந்தால் காட்டுவதற்கு இது வலுவான ஆதாரம். உங்கள் நாடு அதை ஏற்று உறுதிசெய்திருக்கிறதா என்பதைச் சட்ட ஆலோசகரிடம் கேளுங்கள்; உறுதிசெய்யாவிட்டாலும் உள்கொள்கைக்கு முன்மாதிரியாக அதைப் பயன்படுத்தத் தடையில்லை.

படி 2: குழுவையும் நேர ஒதுக்கீட்டையும் எழுத்தில் பெறுங்கள்

நான்கு முதல் ஆறு பேர் போதும். அவர்களில் ஒருவராவது செலவுக்கு ஒப்புதல் அளிக்கும் நிலையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் தம் அடையாளத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் பால்புதுமையினர் இருந்தால் அவர்களிடம் கருத்துக் கேளுங்கள். ஆனால் முழுச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். தாம் பட்ட காயத்தை மீண்டும் மீண்டும் பேசும் வேலை அது. விரும்பி ஏற்பவருக்கும் இடையில் ஓய்வு வேண்டும்.

பணத்தைவிட முதலில் கேட்டுப் பெற வேண்டியது நேரம். குழுவில் ஒவ்வொருவருக்கும் முதல் ஆறு மாதங்களுக்கு வாரம் இரண்டு முதல் மூன்று மணி நேரம் தேவைப்படும் என்பது எங்கள் அனுபவம். அதை வேலை நேரத்துக்குள் ஒதுக்குவதாக மேலாளர் மின்னஞ்சலில் உறுதியளிக்கட்டும். வாய்மொழி உறுதி முதல் நெருக்கடியான மாதத்திலேயே காணாமல் போய்விடும்.

படி 3: ஐந்து ஆவணங்களை ஆயத்தம் செய்யுங்கள்

நீண்ட காலம் பிடிக்கும் படி இதுதான். சட்டப் பிரிவின் பார்வைக்கே ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சீண்டலுக்கு எதிரான கொள்கை. "யாரையும் இழிவுபடுத்தக் கூடாது" என்ற பொது வாக்கியம் போதாது. பாலீர்ப்பு (யார்மீது ஈர்ப்பு என்பது), பாலின அடையாளம் (தம்மை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பது), பாலின வெளிப்பாடு (அதை உடையிலும் நடையிலும் காட்டும் விதம்) ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். எவையெல்லாம் சீண்டல் என்பதற்கு எடுத்துக்காட்டுகளும் வேண்டும்: நடை, குரல், உடை ஆகியவற்றைப் போலச் செய்து காட்டுதல், பட்டப்பெயர் சூட்டுதல், வேண்டுமென்றே பழைய பெயரால் அழைத்தல், அலுவலகத்துக்கு வெளியே உள்ள அரட்டைக் குழுக்களில் கேலிப் படம் பகிர்தல், ஒருவரின் அடையாளத்தை அவருடைய ஒப்புதலின்றிப் பிறருக்குச் சொல்லுதல். கடைசியாகச் சொன்னதைத் தனிக் குற்றமாகவே எழுதுங்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2017-இல் நிறுவனங்களுக்காக வெளியிட்ட ஐந்து நடத்தை நெறிகளில், பணியிடத்தில் பாகுபாட்டை ஒழிப்பதும் பால்புதுமை ஊழியர்களுக்கு ஆதரவளிப்பதும் தனித்தனி நெறிகளாகவே வைக்கப்பட்டுள்ளன. தடை விதிப்பது மட்டுமே ஆதரவு ஆகிவிடாது என்பதை நிர்வாகத்துக்கு விளக்க இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் உதவியது.

இரண்டாவது, அவசரத் தொடர்புப் படிவம். எவரும் கண்டுகொள்ளாத இந்த ஒரு பக்கத்தைத்தான் நான் முதலில் திருத்தச் சொல்வேன். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, வளரும் பருவத்தில் குடும்பத்தாரால் கடுமையாக நிராகரிக்கப்பட்ட தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளையோர், நிராகரிப்பைச் சந்திக்காத அல்லது மிகக் குறைவாகவே சந்தித்த இளையோரைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகத் தெரிவித்ததைக் கண்டது. ஆகவே, யாரை அழைத்தால் ஒருவருக்குப் பாதுகாப்பு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் "பெற்றோர் அல்லது துணைவர்" என்று இருப்பதை "நீங்கள் நம்பும் ஒருவர்" என்று மாற்றுங்கள். விபத்துக்கு ஒரு பெயரும் மனநல நெருக்கடிக்கு வேறொரு பெயரும் தர இடம் விடுங்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அச்சிடுங்கள்.

மூன்றாவது, இரகசியக் காப்புக் குறிப்பு. "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று ஒருபோதும் உறுதி தராதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. மாறாக, உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மட்டும், உதவக்கூடியவரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்லப்படும் என்று எழுதுங்கள். இந்தத் "தேவையான அளவு" என்பதில்தான் நாங்கள் தவறினோம். ஒருவர் ஆபத்தில் இருக்கிறார் என்பதை மருத்துவரிடமோ உறவினரிடமோ சொல்வதற்கு அவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு செய்திகள். முதலாவதைச் சொல்லும் அவசியம் இரண்டாவதைச் சொல்லும் உரிமையைத் தருவதில்லை. பயிற்சியாளர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் இருந்தால், சட்டப்படி எதை யாரிடம் அறிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு என்பதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் எழுத்தில் பெற்று, அந்த வரம்பையும் குறிப்பில் வெளிப்படையாகச் சேருங்கள்.

நான்காவது, நெருக்கடி நேர நடைமுறை. ஒரே பக்கம், பதறும் மனிதரால் படிக்கக்கூடிய பெரிய எழுத்து. யாரை முதலில் அழைப்பது, அவர் கிடைக்காவிட்டால் யாரை, எந்த மருத்துவமனை, இரவிலும் விடுமுறை நாளிலும் என்ன செய்வது ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பெயர் மாற்ற நடைமுறை. ஒரு திருநம்பியின் அடையாள அட்டையும் மின்னஞ்சல் முகவரியும் பழைய பெயரிலேயே இருந்தால், ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் தம்மை விளக்கியாக வேண்டியிருக்கும். சட்ட ஆவணம் இல்லாமலேயே மாற்றக்கூடியவை எவை, ஆவணம் கட்டாயம் வேண்டியவை எவை என்று இரண்டு பட்டியல்கள் போடுங்கள். மின்னஞ்சல், அட்டை, இருக்கைப் பெயர்ப்பலகை ஆகியவை பெரும்பாலும் முதல் பட்டியலில் வரும். சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் இரண்டாவதில் வரும். கணினிப் பிரிவைத் தொடக்கத்திலேயே அழைத்துவிடுங்கள், ஏனெனில் பழைய பெயர் எதிர்பாராத எத்தனையோ திரைகளில் ஒளிந்திருக்கும்.

தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாகக் கருதும் சட்டம் இன்றும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு அத்தகைய நாட்டில் கிளை இருந்தாலோ, ஊழியர்களை அங்கே அனுப்பினாலோ, யாருடைய அடையாளத்தையும் எந்தக் கோப்பிலும் பதிவு செய்யாதீர்கள்.

படி 4: உதவி எண்களை நீங்களே அழைத்துப் பாருங்கள்

இணையத்தில் கிடைத்த எண்களைப் படியெடுத்து ஒட்டுவது மிகவும் பரவலான தவறு. எங்கள் முதல் சுவரொட்டியில் இருந்த நான்கு எண்களில் ஒன்று இயங்கவில்லை. மற்றொன்று மாலைக்குப் பிறகு யாரும் எடுக்காத எண். பகலில் ஒருமுறை, நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை என்று ஒவ்வோர் எண்ணையும் அழையுங்கள். நெருக்கடியில் இருக்கும் வேறு ஒருவரின் நேரத்தைப் பறித்துவிடாமல், எடுத்தவுடனே நீங்கள் யார் என்பதையும் சரிபார்க்கவே அழைக்கிறீர்கள் என்பதையும் சொல்லி, சில நொடிகளில் முடித்துக்கொள்ளுங்கள். எந்த மொழிகளில் பேசுவார்கள், எத்தனை மணி வரை, குறுஞ்செய்தி வசதி உண்டா என்பவற்றைக் குறித்து, சரிபார்த்த தேதியையும் சுவரொட்டியில் அச்சிடுங்கள். வீட்டில் சத்தமாகப் பேச முடியாத இளையோருக்குக் குறுஞ்செய்தி வசதிதான் பல நேரங்களில் ஒரே வழி.

நிறுவனம் வெளி ஆலோசனை மையத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தால், அவர்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. பால்புதுமையினரோடு பணியாற்றிய அனுபவமுள்ள ஆலோசகர் உண்டா? பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சை எதையும் அவர்கள் செய்வதில்லை, பரிந்துரைப்பதும் இல்லை என்று எழுத்தில் தருவார்களா? உலக சுகாதார அமைப்பு 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குச் சிகிச்சை இருப்பதாகச் சொல்லும் ஒருவரிடம் ஓர் இளைஞரை அனுப்புவது உதவியாகாது, தீங்காகும். இந்தக் கேள்விக்குத் தயங்கிய ஒரு மையத்தை நாங்கள் விட்டு விலகினோம். புதிய மையம் கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின. அந்தக் காத்திருப்புக்காக நான் வருந்தவில்லை.

செலவை இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். இலவச அமர்வுகள் எத்தனை, அவை முடிந்த பின் கட்டணம் யாருடையது, முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இலவச அமர்வுகள் முடிந்ததும் இளையோர் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடும், ஏனெனில் அவர்களுடைய ஊதியமே குறைவு. கூடுதல் அமர்வுகளுக்கு ஒரு சிறு நிதியை ஒதுக்குவது, சுவரொட்டிக்கும் காணொளிக்கும் செலவிடுவதைவிடப் பன்மடங்கு பயனுள்ளது. காப்பீட்டு அறிக்கையும் கட்டண இரசீதும் எந்த முகவரிக்குப் போகின்றன என்பதையும் விசாரியுங்கள். பெற்றோரின் காப்பீட்டில் இருக்கும் இளைஞர் பெற்ற ஆலோசனையின் விவரம் அந்தத் தாளின் வழியாகவே வீட்டுக்குத் தெரிந்துவிடலாம்.

படி 5: பயிற்சி பெறுங்கள்

எல்லாரும் மனநல ஆலோசகராக வேண்டியதில்லை. தற்கொலை எண்ணத்தின் எச்சரிக்கை அடையாளங்களை அறிந்து, கேட்டு, உதவிக்கு அழைத்துச் செல்லப் பழக்கும் 'க்யூபிஆர்' போன்ற அடிப்படைப் பயிற்சிகள் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை எல்லா மேலாளர்களுக்கும் கொடுங்கள். 'அசிஸ்ட்' போன்ற ஆழமான பயிற்சிக்கு இரண்டு முழு நாட்கள் வேண்டும். இளையோர் பேச வரும்போது சந்திக்கும் தொடர்பாளர்களாக இருக்கப் போகும் இருவருக்கு அல்லது மூவருக்கு மட்டும் அதைக் கொடுத்தால் போதும். உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்கள் மேலாளர்களுக்கான பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. செலவுக்கு ஒப்புதல் கேட்கும் குறிப்பில் இதை மேற்கோளாகச் சேர்க்கலாம். பயிற்சியாளர் கிடைக்க இரண்டு மாதங்கள் வரை ஆகலாம் என்பதால், படி 3 நடந்துகொண்டிருக்கும்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 6: ஒருவர் பேச வரும்போது

இதற்கு முதல் விதி, அவசரப்படாதிருத்தல். கதவை மூடக்கூடிய, கண்ணாடிச் சுவர் இல்லாத அறையில் உட்காருங்கள். கைப்பேசியை அணைத்து வையுங்கள். இரகசியக் காப்பின் வரம்பைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்; அவர் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் அது துரோகமாகத் தோன்றும்.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், அவ்வாறு கேட்கப்பட்டவர்களுக்கு மனத்துயரமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. "அப்படி ஏதும் செய்துவிட மாட்டீர்கள்தானே?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு விடை சொல்ல இடமில்லை. "ஆம்" என்று அவர் சொன்னால், திட்டம் ஏதும் உண்டா, எப்போது என்பதைக் கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், ஆயத்தம் செய்து வைத்திருக்கும் ஒரு பக்க நடைமுறையைப் பின்பற்றி உடனே உதவியை அழையுங்கள்.

வேறு யாரிடம் சொல்லலாம், எந்தப் பெயரால், எந்தச் சொல்லால் அவரைக் குறிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். "வீட்டில் சொல்லிவிடுங்கள், மனம் இலேசாகும்" என்று அறிவுரை கூறாதீர்கள். அவருடைய வீடு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. பால்புதுமை இளையோரின் தற்கொலையைத் தடுக்க இயங்கும் அமெரிக்க அமைப்பான டிரெவர் ப்ராஜெக்ட் 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தம்மை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருப்பதாகச் சொன்ன பால்புதுமை இளையோர், முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்வது 40 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த ஒருவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய குழுத்தலைவராகவும் இருக்கலாம்.

அடுத்த நாள் காலை நீங்களாகவே தொடர்புகொண்டு நலம் கேளுங்கள். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

படி 7: புகாருக்குக் காலக்கெடு வையுங்கள்

சீண்டல் பற்றிய புகார் வந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்தல், ஐந்து நாட்களுக்குள் இடைக்காலப் பாதுகாப்பு, முப்பது நாட்களுக்குள் முடிவு என்று நாங்கள் வகுத்தோம். இடைக்காலப் பாதுகாப்பு என்ற பெயரில் புகார் கொடுத்தவரையே வேறு பிரிவுக்கு மாற்றிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அவரே கேட்டாலொழிய அதைச் செய்யாதீர்கள். விசாரணைக் குழுவுக்குச் சீண்டல் நடந்ததா என்பது தெரிந்தால் போதும், புகார்தாரரின் பாலீர்ப்பு உண்மையில் என்ன என்பது தேவையே இல்லை. தன்பாலீர்ப்பாளர் என்று தவறாக எண்ணப்பட்டுக் கேலிக்கு ஆளானவருக்கும் அதே பாதுகாப்பு உரியது.

படி 8: அடையாளம் கசியும் இடங்களை அடைத்துவிடுங்கள்

அறிவிப்புக்கு முன் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். ஆதரவுக் குழுவின் மின்னஞ்சல் பட்டியலை எல்லா ஊழியர்களும் பார்க்க முடிகிறதா? கூட்ட அழைப்பின் தலைப்பு பிறருடைய நாள்காட்டியில் தெரிகிறதா? ஆலோசகரின் அறை எல்லாரும் கடந்துபோகும் நடைவழியில் இருக்கிறதா? பெயரில்லாக் கருத்துக்கணிப்பில் துறை, வயது, பணிக்காலம் ஆகிய மூன்றையும் கேட்டால், சிறிய துறையில் விடையளித்தவர் யார் என்பது எளிதில் தெரிந்துவிடும். எங்கள் முதல் கணிப்பில் அப்படித்தான் இருவரை அடையாளம் காண முடிந்தது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவுகளைத் தனியாக வெளியிடாதீர்கள்.

படி 9: இப்போது அறிவியுங்கள்

மே 17 (பால்புதுமையினர் மீதான வெறுப்புக்கு எதிரான பன்னாட்டு நாள்), செப்டம்பர் 10 (உலகத் தற்கொலைத் தடுப்பு நாள்), அக்டோபர் மாதத்தின் மூன்றாம் வியாழன் (சீண்டலுக்கு எதிராகப் பால்புதுமை இளையோருக்கு ஆதரவு காட்டும் 'ஸ்பிரிட் டே') ஆகிய நாட்களை அறிவிப்புக்கு நிறுவனங்கள் விரும்புவது இயல்பு. ஆனால், நாளை முதலில் குறித்துவிட்டு அதற்காக வேலையை அவசரமாக முடிப்பது பெரிய பொறி. இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு வரும்.

பால்புதுமை இளையோருக்கு நம்பிக்கையூட்டும் காணொளிகளுக்காக 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இட் கெட்ஸ் பெட்டர்' முயற்சிக்குப் பிறகு, பல நிறுவனங்களின் ஊழியர்கள் தம் இளமைக்கால அனுபவங்களைக் காணொளியாகப் பகிர்ந்தார்கள். நீங்களும் அப்படிச் செய்ய விரும்பினால், பேசுவோரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளும் உரிமையும் அதில் இருக்கட்டும். தற்கொலை முறையையோ இடத்தையோ விவரிக்காதீர்கள். சீண்டலுக்கும் தற்கொலைக்கும் இடையே ஒற்றைக் கோடு போட்டு, இதனால்தான் அது நேர்ந்தது என்று சொல்லாதீர்கள். அதே சீண்டலில் இருக்கும் ஓர் இளைஞருக்கு அது தன் முடிவாகவே கேட்கும். நெருக்கடியைக் கடந்து வந்தவர் எப்படிக் கடந்தார், யார் உதவினார் என்பதை விரிவாகப் பேசுங்கள். ஆஸ்திரியாவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வொன்று, நெருக்கடியைச் சமாளித்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வெளியானதைத் தொடர்ந்து தற்கொலைகள் குறைந்திருந்ததைக் காட்டியது. காணொளியின் கடைசித் திரையில் படி 4-இல் சரிபார்த்த எண்கள் வர வேண்டும்.

படி 10: மூன்று மாதங்களுக்கு ஒருமுறை

எல்லா எண்களையும் மீண்டும் அழைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த மேலாளர்களைப் பயிற்சிப் பட்டியலில் சேருங்கள். அவசரத் தொடர்பை மாற்ற விரும்புவோர் மாற்றலாம் என்று அனைவருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். யாரும் தனித்துத் தெரியாமல் மாற்றிக்கொள்ள இதுவே வழி. தொடர்பாளர் ஒருவர் வேலையை விட்டால், அவர் கிளம்பும் நாளன்றே எல்லாச் சுவரொட்டிகளிலும் அவருடைய பெயரை நீக்கி, பயிற்சி பெற்ற மற்றொருவரின் பெயரை ஒட்டிவிடுங்கள்.